ஜி பிளாக் லிஃப்ட் குழியில் காய்த்தவை

இதை நான் நேரில் பார்க்கவில்லை. பூவத்தாங்கல் குடியிருப்பில் மாடி மாடியாக கேஸ் சிலிண்டர் ஏற்றும் மோசஸ் அண்ணன் சொல்லிக் கேட்டதுதான். எங்கள் தெருவுக்கும் அவர்தான் சிலிண்டர் போடுகிறார். மூன்று வெவ்வேறு நாட்களில் நானாகவே கேட்டேன், மூன்று முறையும் அவர் ஒரே மாதிரிதான் சொன்னார். ஒரே ஓர் இடத்தில் மட்டும் மாற்றிச் சொன்னார். அந்த இடம் வரும்போது அதைச் சொல்லிவிடுகிறேன்.

நகரத்துக்குள் ஆற்றங்கரையில் குடிசை போட்டிருந்தவர்களையும் ரயில்வே லைன் ஓரத்தில் குடிசை போட்டிருந்தவர்களையும் ஒரே வாரத்தில் லாரிகளில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிய இடம் பூவத்தாங்கல். யாருக்கு எந்த வீடு என்பதைக் குலுக்கல் சீட்டு முடிவு செய்தது, அதனால் நடக்க முடியாதவர்கள் மேலேயும் ஓடக்கூடியவர்கள் கீழேயுமாகக் குடியேறினார்கள். ஜி பிளாக்கில் தரைத்தளமும் அதற்கு மேல் எட்டு மாடிகளும், தளத்துக்கு எட்டாக எழுபத்திரண்டு வீடுகளும், நடுவில் ஒரு லிஃப்ட்டும் இருந்தன. லிஃப்ட் பதினொரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள் நின்றது, பெட்டியைக் கழற்றி ரிப்பேருக்கு எடுத்துப் போனார்கள், போன பெட்டி திரும்பி வரவில்லை, ஒவ்வொரு மாடியிலும் இரும்புக் கிரில் போட்ட வாயோடு குழி மட்டும் மிஞ்சியது.

காய்கறிச் சந்தை ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தது, பஸ் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒன்று. கீழே இருந்த கடையில் நூடுல்ஸ் பாக்கெட்டும் ஊறுகாய் பாக்கெட்டும் முளைவிட்ட உருளைக்கிழங்கும் கிடைத்தன. வேலைக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் இறங்கி இருட்டிய பிறகு ஏறினார்கள், போகாதவர்கள் இறங்கவே இல்லை. இறங்கினால் ஏற வேண்டும், ஏறினால் மூச்சு வாங்கும், கீழே போய்ப் பார்ப்பதற்கும் ஒன்றுமில்லை. ஆற்றோரத்துக்காரர்கள் லைனோரத்துக்காரர்களோடு பேசுவதில்லை, லைனோரத்துக்காரர்கள் ஆற்றோரத்துக்காரர்களைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்வதில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் வரும் நர்ஸ் குணசுந்தரியின் நோட்டில் சர்க்கரைக்காரர்களின் பக்கம் நிறைந்து, ரத்தம் குறைந்தவர்களின் பக்கமும் நிறைந்து, அட்டையின் உட்புறத்திலும் எழுத்து ஏறிக்கொண்டிருந்தது.

அந்த நோட்டில் சிவப்பு மையில் எழுதிய ஒரு பெயர் நிரோஷா. எட்டாவது மாடி, லைனோரத்துப் பெண். இரண்டு வருஷத்துக்கு முன் முதல் பிள்ளைக்கு வலி வந்தபோது புருஷன் டேவிட்டும் பக்கத்து வீட்டுக்காரரும் அவளைக் கைத்தாங்கலாகப் படியில் இறக்கினார்கள். நாலாவது மாடித் திருப்பத்தில் மூவருமாக விழுந்தார்கள். தரைக்கு வர ஐம்பது நிமிஷம் ஆனது, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்கு உயிர் இல்லை. அதற்குப் பிறகு அவள் கீழே இறங்கவில்லை. இப்போது மறுபடியும் ஐந்து மாசம். ரத்தம் ஏழு புள்ளி இரண்டு.

"மாத்திரை துன்னா அப்புடியே வாந்தி வருது, நர்ஸம்மா" என்றாள் நிரோஷா.

"ஊசி போடறேன். ஆனா ஊசி மட்டும் போதாது, கீரை துன்னணும். பிரசவத்துக்குள்ள பத்தாவது வந்தாகணும். இந்த ஏழோட நீ பிரசவத்துக்குப் போனா, ரத்தம் கொஞ்சம் ஜாஸ்தியாப் போனாலும் தாங்க மாட்ட."

"கீரைக்கு நான் எங்க போறது?"

குணசுந்தரி ஊசியைப் போட்டு, நோட்டை மூடிக்கொண்டு படி இறங்கினார்.

ஆடி மாசம் இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்த ஒரு செவ்வாய்க்கிழமை லிஃப்ட் குழியிலிருந்து ஒரு கொடி ஏறிவந்தது. காலையில் முதல் மாடிக் கிரில்லில் நுனி தெரிந்தது, மத்தியானம் மூன்றாவது மாடியில் தெரிந்தது, வெள்ளிக்கிழமைக்குள் எட்டாவது மாடிக்கு வந்து வெளியே எட்டிப் பார்த்தது. முதல் மாடியில் பாகற்காயும், இரண்டாவதில் புடலங்காயும், மூன்றாவதில் அவரையும், நாலாவதில் பீர்க்கங்காயும், ஐந்தாவதில் பசலையும், ஆறாவதில் கோவைக்காயும், ஏழாவதில் சுரைக்காயும் ஒரே கொடியில் தொங்கின, எட்டாவது மாடியில் அதே கொடி முருங்கைக்கீரையாகத் தழைத்திருந்தது. முருங்கை கொடியில் தழைக்காது என்று யாரும் சொல்லவில்லை. மோசஸ் அண்ணன் சிலிண்டரைத் தோளில் வைத்தபடியே நின்று பார்த்துவிட்டு, "மேல போவசொல்ல கீழ பாத்து போவணும், இலை வழுக்கும்" என்று மட்டும் சொன்னாராம்.

மூன்றாவது மாடி ஷம்ஷாத் அக்காதான் முதலில் பறித்தார். காலையில் இடியாப்பம் அவித்து விற்கிறவர், பிறந்தது முதல் ஆற்றங்கரையில் இருந்தவர். வாசலுக்கு எதிரே தொங்கிய அவரையை முந்தானை நிறையப் பறித்துப் போய் உரித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. தோல் காகிதம் போல இருந்தது, சட்டியில் போட்டதும் காற்றாகப் போனது. அதே நேரம் நாலாவது மாடி அற்புதம் கீழே இறங்கும் வழியில் நாலு அவரையைக் கிள்ளிக்கொண்டு போனாள், அவள் வீட்டில் அது கொட்டையும் சதையுமாக வெந்து வாசம் மூன்றாவது மாடி வரைக்கும் வந்தது.

"எங்க மாடி அவரைய நீ எப்புடிடி பறிப்ப?" என்று ஷம்ஷாத் அக்கா படியில் நின்று கத்தினார்.

"ஏன், உன் பேரு எழுதி கீதா? ஆத்தோரத்துல துணி தொவைக்கிற கல்லுக்கே சண்டை போட்டவங்கதான நீங்க!"

"லைன்ல ஓடற ரயிலயே உங்களுதுன்னு சொன்னவங்கதான நீங்க!"

ஒரு வாரம் இப்படித் திட்டிக்கொண்டதில் கொடியின் வழக்கம் எல்லோருக்கும் தெரிந்துபோனது. தன் மாடியில் காய்ப்பது தன் கைக்கு வராது, வந்தாலும் வெறும் கூடுதான். வேறு மாடிக்காரர் பறித்தால் முழுசாக வரும், அவர் பறித்ததைக் கையில் கொடுத்தால் அந்த மாடிக்காரரும் சாப்பிடலாம், அப்போதும் அது முழுசாகவே இருக்கும். தரைத்தளத்தில் தண்டு மட்டும்தான், அங்கே இருப்பவர்களுக்கு எந்த மாடியும் சரி.

தெரிந்த பிறகு அவர்கள் செய்த காரியம், அவர்கள் மட்டுமே செய்யக்கூடியது. ஆற்றோரத்திலும் லைனோரத்திலும் வரிசைக்கு ஒரு அடிபம்பு இருந்தது, வரிசைக்காரர்கள் தங்கள் பம்பின் கைப்பிடிக்குச் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை ஒரு வீட்டில் வைத்திருப்பார்கள். பூட்டாத பம்பு வறண்டுபோனதைப் பார்த்தவர்கள் அவர்கள். அதனால் எட்டு மாடியிலும் கிரில்லுக்குச் சங்கிலி போட்டு எட்டுப் பூட்டுப் பூட்டினார்கள். நமக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, அவர்கள் எடுக்கக்கூடாது.

பூட்டிய மறுநாள் கொடி முழுக்கக் காய் கூடாகிவிட்டது. யார் தொட்டாலும் கூடு. ஒன்பது நாள் அப்படியே தொங்கியது, காற்று அடித்தால் பிளாக் முழுக்கச் சலசலத்தது. ஒன்பதாம் நாள் செவ்வாய்க்கிழமை. குணசுந்தரி எட்டாவது மாடி ஏறி, நிரோஷாவின் விரலில் குத்திப் பார்த்துவிட்டு இறங்கி வந்து மூன்றாவது மாடிப் படியில் உட்கார்ந்தார்.

"இன்னா நர்ஸம்மா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்றார் ஷம்ஷாத் அக்கா.

"ஆறு புள்ளி ஒம்போது. போன வாட்டியவிட கொறைஞ்சிருக்கு. அவ வாசல்லயே அவ்ளோ கீரை. அவளால தொட முடியாது, தொடக்கூடியவங்க பூட்டு போட்டு வெச்சிருக்கீங்க."

ஷம்ஷாத் அக்கா கொஞ்ச நேரம் மாவைப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு கையைக் கழுவினார், உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து மூன்றாவது மாடிப் பூட்டைத் திறந்தார். சங்கிலியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நாலாவது மாடிக்கு ஏறி அற்புதத்தின் கதவைத் தட்டினார். "சாவிய எடுத்துகினு வா. என்னாண்ட பேச வோணாம். திற, போதும்." அற்புதம் பேசாமலே திறந்தாள். அப்படியே ஒவ்வொரு மாடியிலும் கதவைத் தட்டிப் பூட்டைத் திறக்கவைத்துக்கொண்டே ஏறினார். எட்டாவது மாடி போய்ச் சேரும்போது ஷம்ஷாத் அக்காவுக்கு மூச்சு விட முடியவில்லை, மூன்று வருஷத்தில் அவர் ஐந்தாவது மாடியைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. சுவரைப் பிடித்து நின்று மூச்சு வாங்கிவிட்டு, இரண்டு கை நிறைய முருங்கைக்கீரையை ஒடித்து நிரோஷாவிடம் நீட்டினார். கீரை கனத்தது. நிரோஷா அதை வாங்கிக்கொண்டபோது கை தாழ்ந்ததை மோசஸ் அண்ணன் பார்த்திருக்கிறார்.

அன்றிலிருந்து எந்த மாடிக்காரர் எந்தக் கிழமை எந்த மாடிக்கு ஏறுவது என்று குணசுந்தரி ஒரு பட்டியல் எழுதிப் படிச்சுவரில் ஒட்டினார். எட்டாவது மாடிக்குத் தினமும் ஒருவர். முனகிக்கொண்டு ஏறினார்கள், முட்டியைத் திட்டிக்கொண்டு ஏறினார்கள், நாலாவது மாடியில் உட்கார்ந்து எழுந்து ஏறினார்கள், பிறகு உட்காராமல் ஏறினார்கள். அடுத்தவர் வீட்டு வாசலில் போய்ப் பறிக்க வேண்டியிருந்ததால் அடுத்தவர் வீட்டுக் குழம்பு என்னவென்று தெரிந்தது. குழம்பு தெரிந்ததும் பெயர் தெரிந்தது. பெயர் தெரிந்த பிறகும் பேசாமல் இருந்தவர்கள் இரண்டு பேர்தான், அவர்களும் தும்மினால் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். நிரோஷாவுக்கு ஏழு புள்ளி எட்டு வந்தது. ஊசியால் வந்ததா கீரையால் வந்ததா என்று கேட்டால் குணசுந்தரி, "வந்துச்சு இல்ல?" என்பாராம்.

இது யாருக்கும் குறையில்லாமல் நடந்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆறாவது மாடியில் ஏகாம்பரம் இருந்தார். ஐம்பத்தெட்டு வயது, சரக்கு ஏற்றும் மீன்பாடி வண்டி ஓட்டியவர், சர்க்கரையில் ஒரு கால் முட்டிக்குக் கீழே எடுக்கப்பட்டவர். பதினாலு மாசமாக அவர் தரையைத் தொடவில்லை. லிஃப்ட் வேண்டும் என்று, குடியிருப்பைப் பராமரிக்கும் அலுவலகத்துக்கு இருபத்தாறு மனு எழுதியிருந்தார். புரட்டாசி முதல் வாரம், செவ்வாய்க்கிழமை காலையில், இருபத்தாறாவது மனுவுக்கு ஒரு பொறியாளர் நேரில் வந்தார். குழிக்குள் எட்டிப் பார்த்தார். "வர்ற திங்கக்கெழம ஆள் வருவாங்க. கொடிய அறுத்துட்டுத்தான் பெட்டிய இறக்க முடியும். வேணாம்னா சொல்லிடுங்க, சாமான் இங்கேர்ந்து எம் பிளாக்குக்குப் போயிடும். அப்பறம் உங்க முறை எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானமே ஆறாவது மாடி நடையில் கூட்டம் கூடியது. ஏகாம்பரம் இறங்க முடியாது என்பதால் எல்லோரும் ஏறி வந்தார்கள். வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார் அவர்.

"பதினாலு மாசமா நான் பாத்த உலகம் இன்னான்னு சொல்லட்டா? இந்தக் கிரில்லு. எதிர் பிளாக்கு கக்கூஸ் பைப்பு. அவ்ளோதான். நீங்க கொண்டாந்து குடுக்குற சொரக்கா நல்லாத்தான் கீது, இல்லைன்னு சொல்லல. ஆனா எவளாவது கொண்டாந்து குட்தாத்தான் துன்னணும், அவ மூஞ்சியப் பாத்து சிரிச்சாகணும். எனக்கு லிஃப்ட்டு வோணும். நானா எறங்கி நானா போயி ஒரு டீ குடிக்கணும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அப்போது மேலேயிருந்து நிரோஷா இறங்கி வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, இரண்டு மாடி. இரண்டு வருஷத்தில் அவள் இறங்கிய முதல் படிகள் அவை. கொடியை வெட்டக்கூடாது என்று அழப்போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"லிஃப்ட்டு இருந்திருந்தா என் புள்ள இந்நேரம் நடந்துகினு இருக்கும்" என்றாள் நிரோஷா. "அண்ணாத்த கேக்குறதுல தப்பு இல்ல. நானும் வேண்டிகினேன் லிஃப்ட்டுக்கு. ஆனா இப்ப எனக்கு ரத்தம் வோணும், அது இதுலதான் கீது. பத்து வரணும்ன்றாங்க, இன்னும் ரெண்டு கம்மி. பத்து வந்தாலும் நான் இந்தப் படியில எறங்கியாகணும். எனக்கு ரெண்டும் வோணும். எத்த வுட்டுட்டு எத்தக் கேக்குறதுன்னு தெரியல."

"எறக்கறதுக்கு நாங்க இல்லையா?" என்றார் ஷம்ஷாத் அக்கா.

ஏகாம்பரம் சிரித்துவிட்டார். "நீங்களா? சொரக்கா தூக்கிகினு ஏழுலேர்ந்து மூணுக்குப் போறதுக்குள்ள நாலு வாட்டி உக்கார்ற ஆளு நீ."

"தூக்கிக் காட்டுனா?"

"இன்னாத்த காட்டுவ?"

"உன்னயே தூக்கறோம். நீ இன்னா, அவள மாதிரி ரெண்டு ஆளு வெயிட்டு இருப்ப. கீழ எறக்கி, மறுபடியும் மேல ஏத்தறோம்."

கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். ஏகாம்பரம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி. ஞாயித்துக்கெழமைக்குள்ள. கீழ போயி டீ வாங்கிக் குடு. அந்தக் கிளாஸ் என் கையில இருக்கும், ரொம்பி. ஆறாவது மாடி வர்ற வரைக்கும் ஒரு சொட்டு சிந்தக்கூடாது. சிந்தலன்னா நானே கடுதாசி எழுதித் தரேன், சாமான எம் பிளாக்குக்கே கொண்டு போங்கன்னு. சிந்துச்சுன்னா திங்கக்கெழம கொடிய வெட்டறத நின்னு பாக்கணும், ஒருத்தியும் அழக்கூடாது."

ஐந்து நாள் இருந்தது. பந்தல் போடுகிறவரிடமிருந்து கல்யாண மேடை நாற்காலி ஒன்று வந்தது. ஆற்றோரத்துக்காரர்கள் ஆடித் திருவிழாவில் அம்மனைத் தூக்கும் மூங்கிலில் ஒன்றையும், லைனோரத்துக்காரர்கள் மாதா சப்பரம் தூக்கும் மூங்கிலில் ஒன்றையும் கொண்டுவந்தார்கள். ஒரே தரப்பே இரண்டு மூங்கிலையும் கொண்டுவந்திருக்கலாம், ஆனால் முழுக்க அவர்கள் மூங்கில் என்று ஆகிவிடுமே. சப்பர மூங்கில் மற்றதைவிட ஒரு முழம் அதிக நீளம். அதைக் கட்டித் தூக்கினால் திருப்பத்தில் சுவரில் இடித்து நாற்காலி சாய்ந்தது. முதல் நாள் நாற்காலியில் வைத்திருந்த மோசஸ் அண்ணனின் காலி சிலிண்டர் உருண்டு ஐந்தாவது மாடியிலிருந்து மூன்றாவது மாடி வரைக்கும் போனது. இரண்டாம் நாளும் உருண்டது. அறுக்கலாம் என்று சொல்ல ஆற்றோரத்துக்காரர்களுக்கு வாய் வரவில்லை, அறுங்கள் என்று சொல்ல லைனோரத்துக்காரர்களுக்கு மனசு வரவில்லை. மூன்றாம் நாள் அற்புதம் ரம்பம் கொண்டுவந்து, முழங்கையால் அளந்து, தானே அறுத்தாள். "மாதாவுக்கு இன்னா, குட்டை மூங்கில்னா வர மாட்டாங்களா?" என்றாள்.

அம்மனைத் தூக்குவதும் சப்பரம் தூக்குவதும் ஆண்கள் வேலை. இரண்டு தெருவிலும் பெண்கள் அந்த மூங்கிலைத் தொட்டதில்லை. இப்போதும் ஆண்கள்தான் தோளைக் கொடுத்தார்கள், தோரணையோடு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. குணசுந்தரி அவர்களைத் தடுத்து, "காலைல பத்து மணிக்கு இந்த பிளாக்ல எத்தினி ஆம்பள இருக்கீங்க?" என்று கேட்டார். எண்ணிப் பார்த்தார்கள். ஏகாம்பரத்தையும் சேர்த்து ஆறு பேர். வலி நேரம் பார்த்து வருவதில்லை. அதனால் மாடிக்கு நாலு பெண்கள் என்று முடிவானது. ஒரு மாடிக்காரிகள் அடுத்த மாடித் திருப்பம் வரை தூக்குவார்கள், அங்கே கீழ் மாடிக்காரிகள் தோள் கொடுப்பார்கள், மூங்கில் தரையில் இறங்கவே இறங்காது.

அதைத் தூக்கும் விதம் அவர்களுக்குத் தெரியவில்லை. படியில் வேகமாக இறங்கினார்கள், ஒருத்தி காலை ஒருத்தி மிதித்தாள். தன் வாசலில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஏகாம்பரத்தால் பொறுக்க முடியவில்லை. சின்ன வயசிலிருந்து அம்மனைத் தூக்கியவர் அவர், ஆட்டோகூட நுழையாத சந்துகளில் அம்மனைத் திருப்பியவர்.

"அய்ய! ஓடாதமே! முன்னாடி போறவ முட்டிய மடக்கு, பின்னாடி போறவ தோள இறக்கு! மூல வந்தா உள்பக்கத்துக்காரி நின்ன எடத்துலயே நிக்கணும், வெளிப்பக்கத்துக்காரி சுத்தி வரணும். இன்னா பாக்குற? அம்மன் மூஞ்சி கோணாம தெருவு சுத்தி வந்த ஆளு நான்!"

"அண்ணாத்த, நீ யார் பக்கம்? பந்தயம் உன்னாண்டதான கட்டிகீறோம்?" என்றாள் அற்புதம்.

"சிலிண்டர் உருண்டா பரவால்ல, நாளைக்கு நான் உக்காரப்போறேன்" என்றார் ஏகாம்பரம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் துண்டால் கட்டினார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார், தலை சீவியிருந்தார். ஆறாவது மாடிப் பெண்கள் தூக்கினார்கள், ஐந்தாவது மாடிப் பெண்கள் வாங்கினார்கள், நாலு, மூன்று, இரண்டு, ஒன்று. பிளாக் வாசலைத் தாண்டி வெயிலுக்கு வந்ததும் ஏகாம்பரம் கண்ணைச் சுருக்கிக்கொண்டார். அதுவரை திட்டிக்கொண்டே வந்தவர் டீக்கடைப் பக்கம் கையை நீட்டிக் காட்டினார். டீக்கடையில் நாற்காலியை இறக்கினார்கள். ஒரு டீ சர்க்கரை இல்லாமல் குடித்தார், அதில் பால் பத்தவில்லை என்று கடைக்காரரோடு சண்டை போட்டார், சண்டை முடிந்ததும் அவர் முகம் தெளிந்துவிட்டது. இரண்டாவது டீயை விளிம்பு வரை ஊற்றச் சொல்லிக் கையில் பிடித்துக்கொண்டார்.

ஏறுவது இறங்குவது போல இல்லை. முதல் மாடியில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டாவது மாடியில் எல்லோரும் கிளாஸையே பார்த்தார்கள், படியைப் பாருங்கள் என்று குணசுந்தரி கத்தினார். மூன்றாவது மாடியில் ஷம்ஷாத் அக்கா முன்பக்கம் வெளித் தோளில் நின்றார். திருப்பத்தில் அவர் கால் ஒரு படி வழுக்கியது, நாற்காலி ஒரு பக்கம் போனது, அவர் விழவில்லை, முட்டியைச் சுவரில் முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்து, மூங்கிலை நேராக்கினார். நாலாவது மாடிக்காரிகள் வாங்கிக்கொண்டார்கள். ஆறாவது மாடியில் நாற்காலி இறங்கியது. கிளாஸில் பாதி டீதான் இருந்தது. ஏகாம்பரத்தின் வெள்ளைச் சட்டையில் ஒரு கை அகலத்துக்கு ஈரம்.

நிரோஷா எட்டாவது மாடிப் படியில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாதி காலியா கீதே அண்ணாத்த" என்று மோசஸ் அண்ணன்தான் கேட்டிருக்கிறார்.

"குடிச்சேன்" என்றார் ஏகாம்பரம்.

"சட்டையில?"

"குடிக்கசொல்ல வாயில ஒழுகிச்சு. எனக்கு வயசாவுது இல்ல? ஒரு சொட்டு சிந்தல. பேப்பர் கொண்டாங்கடி."

கடிதத்தை அவரே எழுதினார். திங்கட்கிழமை ஆட்கள் வந்தபோது தரைத்தளத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்து அவரே கொடுத்தார். சாமான் எம் பிளாக்குக்குப் போனது. லாரி திரும்பிப் போகும்வரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "இனிமே தெனம் காலைல பத்து மணிக்கு. ஒரு நாள் தவறுனாலும் இருபத்தேழாவது மனு போடுவேன்" என்றார்.

தவறவில்லை. நிரோஷாவின் நாள் நெருங்க நெருங்க, தினமும் பத்து மணிக்கு ஏகாம்பரம் இறங்கினார், பத்தரைக்கு ஏறினார். அவரைத் தூக்கித் தூக்கிப் பெண்களின் கால் உறுதிப்பட்டது. ஷம்ஷாத் அக்காவின் சர்க்கரை இறங்கியதைக் குணசுந்தரி இரண்டு முறை பார்த்து உறுதி செய்தார். எட்டாவது மாடிக் கீரையைப் பறிக்கப் பட்டியலில் பெயர் இல்லாதவர்களும் போனார்கள். நிரோஷாவுக்கு எட்டு புள்ளி மூன்று, ஒன்பது புள்ளி இரண்டு, பிறகு ஒரு வாரம் ஏறாமல் அதே ஒன்பது புள்ளி இரண்டு. அந்த வாரம் ஐந்தாவது மாடிக்காரிகள் அவளுக்குப் பசலைக்கூட்டும், ஷம்ஷாத் அக்கா பேரீச்சம்பழமும் கொண்டுபோய், அவள் மென்று முழுங்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். "இப்புடி பாத்துகினே இருந்தா எப்புடிக்கா துன்றது?" என்றாள் நிரோஷா. "கண்ண மூடிகினு துன்னு" என்றார் ஷம்ஷாத் அக்கா.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஏகாம்பரத்தை ஏற்றிவிட்டு நாற்காலி ஆறாவது மாடியிலேயே இருந்தபோது, மேலேயிருந்து டேவிட்டின் தங்கை கத்தினாள். டேவிட் வேலைக்குப் போயிருந்தான். ஆட்கள் வேண்டும் என்று யாரும் யாரையும் தேடவில்லை, கத்தல் கேட்டதும் மாடிக்கு நாலு பேர் திருப்பத்தில் வந்து நின்றார்கள். குணசுந்தரிக்குப் போன் போனது, ஆம்புலன்சுக்குப் போன் போனது. ஆறாவது மாடிக்காரிகள் நாற்காலியை மேலே ஏற்றினார்கள், எட்டாவது மாடிக்காரிகள் நிரோஷாவை அதில் உட்காரவைத்துத் துண்டால் கட்டித் தூக்கினார்கள். ஏழு. ஆறு. ஏகாம்பரம் தன் வாசலில் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் எழுந்து நின்று கத்தினார், "முட்டிய மடக்கு! மூல வருது, உள்பக்கம் நில்லு, வெளிப்பக்கம் சுத்து!" ஐந்து. நாலாவது மாடித் திருப்பம் வந்தபோது நிரோஷா கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியின் கையை இறுகப் பிடித்தாள். அற்புதம் உள்பக்கத்தில் நின்ற இடத்திலேயே நின்றாள். மூங்கில் சுற்றி வந்தது. "தாண்டியாச்சு, கண்ணைத் திற" என்றாள் அற்புதம். மூன்று. இரண்டு. ஒன்று. வெயில்.

எட்டாவது மாடியிலிருந்து ஆம்புலன்ஸ் வரை எவ்வளவு நேரம் ஆனது என்பதைத்தான் மோசஸ் அண்ணன் மாற்றிச் சொன்னார். முதல் முறை ஒன்பது நிமிஷம் என்றார், இரண்டாம் முறை ஏழு என்றார், மூன்றாம் முறை பதினொன்று என்றார். நான் பதினொன்றையே எடுத்துக்கொள்கிறேன்.

பெண் பிள்ளை, இரண்டு கிலோ எண்ணூறு கிராம். நிரோஷாவுக்குக் கடைசியாகப் பார்த்த ரத்தம் பத்து புள்ளி ஒன்று. பிரசவத்தில் ரத்தம் கொஞ்சம் அதிகமாகவே போனது, தாங்கிக்கொண்டாள். இதை மோசஸ் அண்ணன் சொன்னதோடு விடாமல் குணசுந்தரியிடமும் கேட்டேன், அவர் நோட்டைத் திருப்பிக் காட்டினார்.

கொடி என்ன ஆனது என்று கேட்டேன். என்ன ஆகும், காய்க்கிறது என்றார் மோசஸ் அண்ணன். ஏகாம்பரம் இன்னும் இறங்கி ஏறுகிறார் என்றும், ஆனால் தூக்கித் தூக்கி எத்தனை நாள் என்று அவரும் கேட்கிறார், தூக்குகிறவர்களும் கேட்கிறார்கள் என்றும், அதனால் இருபத்தேழாவது மனு போயிருக்கிறது என்றும் சொன்னார். அது எனக்கு நம்பும்படியாக இல்லை. அலுவலகத்துக்குத் தகவல் கேட்டு எழுதிப்போட்டேன், முப்பத்திரண்டாவது நாள் தபாலில் நகல் வந்தது. பிள்ளை பிறந்த பதினாறாம் நாள் தேதி போட்ட மனு. எழுபத்திரண்டு வீட்டிலிருந்தும் வீட்டுக்கொரு கையெழுத்து, அதில் இருபத்தொன்பது கைநாட்டு. முதல் கையெழுத்து நிரோஷாவுடையது, இரண்டாவது ஏகாம்பரத்துடையது. ஜி பிளாக்குக்கு லிஃப்ட் கட்டாயம் வேண்டும் என்றும், அதைக் கிழக்குச் சுவருக்கு வெளியே புதிதாகக் கட்டித்தர வேண்டும் என்றும், பழைய லிஃப்ட் குழி பயன்பாட்டில் இருக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே, தள ஆய்வுக்குப் போன அதிகாரி பச்சை மையில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்: "நேரில் பார்வையிடப்பட்டது. குழி பயன்பாட்டில் உள்ளது."